மேசையில் ஒரு ருசி, பார்சலில் ஒரு ருசி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியைப் பற்றி ஒரே வரி, ஓட்டல்காரர் மேலுள்ள கோபத்துக்கு ஒன்றரைப் பக்கம்! டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்திலாவது எழுது.

நேரில் போனால் அத்தனை ருசி, அதே கடையிலிருந்து வரவழைத்தால் சவசவவென்று இருக்கிறது, ஏமாற்றுகிறார்கள் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் தம்பி மகன் ஒரு சின்ன ஓட்டலில் அடுப்படியில்தான் இருக்கிறான். ராத்திரிக் கூட்டத்தில் மேசை ஆர்டரும் செயலி ஆர்டரும் ஒரே அடுப்புக்குத்தான் வந்து சேருமாம். மேசைக்காரர் எதிரே உட்கார்ந்து முறைக்கிறார். வீட்டில் காத்திருப்பவரோ அவனுக்கு வெறும் ஒரு துண்டுச் சீட்டு. யாருடையது முதலில் தட்டுக்குப் போகும் என்று நீயே சொல்லு.

அதோடு போச்சா? கட்டி வைத்த பார்சல் டெலிவரிப் பையன் வரும்வரை அங்கேயே கிடக்கும். சில நேரம் அவர் கையில் இன்னொரு வீட்டு ஆர்டரும் இருக்கும். சூடாக மூடிய டப்பாவுக்குள் ஆவி கிளம்பி, மூடியில் நீராகி, சாப்பாட்டின் மேலேயே சொட்டும். மொறுமொறுவென்று பொரித்து எடுத்தது நமத்துப்போக அது போதாதா? சமைத்தவர் கை ஒன்றுதான். நடுவில் அரைமணி நேரம் போய்விடுகிறது. அதனால் பொரித்ததை வீட்டுக்கு வரவழைப்பதை நான் விட்டுவிட்டேன். குழம்பாக இருப்பது அவ்வளவாகக் கெடாது. கடை பக்கத்தில் இருந்தால் நானே போய் வாங்கி வந்துவிடுவேன். செயலிக்குக் கொடுக்கும் கமிஷனும் கடைக்காரருக்கு மிச்சம்.

மிச்சத்தை மேசையிலேயே மூடி வைத்துவிட்டுக் காலையில் சாப்பிட்டாயாமே? அதை மட்டும் செய்யாதே, தாயே. சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையிலும் வழியிலும் போன நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்.

நேரில் போவதும் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. பாட்டை அலறவிட்டால் எழுந்து வந்துவிடலாம் போலிருக்கிறது. இரைச்சல் அதிகமானால் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கலாகத் தெரியும் என்று சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைப் போனில் படம் பிடித்து மெனுவைப் பார் என்கிற வழக்கமும் எனக்கு ஒத்துவரவில்லை. எது நன்றாக இருக்கும் என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

ஆனால் மேசையில் உட்கார்ந்தால் உப்பு குறைவு என்று வாய்விட்டுச் சொல்லலாம். மாற்றிக் கொண்டுவருவார்கள். பாதிச் சாப்பாட்டிலேயே சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து பில் வந்தபிறகு சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? பார்சலில் குறை என்றால் படம் எடுத்து அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பணம் திரும்பி வரலாம், அந்த ராத்திரிப் பசிக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

அந்தக் கடைக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டதாக எழுதியிருந்தாயே, கொஞ்சம் யோசி. ரொம்பப் பிடித்தவர்களும் ரொம்பக் கோபப்பட்டவர்களும்தான் மெனக்கெட்டு எழுதுகிறார்கள். நான் மூன்று ஸ்டார்க்காரர்களைத்தான் தேடிப் படிப்பேன். எது நன்றாக இருந்தது, எது சொதப்பியது என்று அவர்கள்தான் இரண்டையும் சொல்கிறார்கள். நீயும், ருசி சரியில்லை என்று மட்டும் எழுதாமல், என்ன வரவழைத்தாய், எத்தனை மணிக்கு, எவ்வளவு தாமதம் என்று சேர்த்து எழுது. டப்பாவை மாற்றுவதா, ஆளை மாற்றுவதா என்று கடைக்காரருக்காவது புரியட்டும்.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா? கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே போய் ஓர் ஓரத்து மேசையாகப் பார்த்து உட்கார்ந்துவிடலாம். பில் என்னுடையது, சண்டை போடாதே.

அன்புடன்,
மீனா