சிலந்தி ஏன் பின்வாங்கியது

சேலம்,
ஞாயிறு இரவு

மாப்ள,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை, தெரியும். திட்டுவதாக இருந்தால் இதைப் படித்து முடிக்கிற வரை பொறு, அப்புறம் சேர்த்துத் திட்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். பெரியவள் கோயம்புத்தூரில் நான்காவது செமஸ்டர், சின்னவள் பத்தாவது, எனக்குச் சர்க்கரை வரட்டுமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது. உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் லீவில் ஒட்டடை எங்களை ஏற்காட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். முதலாளி வராத நாளெல்லாம் அந்தக் காப்பித் தோட்டத்துக்கு அவன்தான் முதலாளி, உனக்குத் தெரிந்த கதைதான். நான், உன் தங்கச்சி, சின்னவள், மாமா, நாலு பேரும் போனோம். பதினோராவது வளைவில் வண்டியை நிறுத்தி உன்னை நினைத்துக்கொண்டோம். அந்த இடத்தில் புல் இப்போது செழிப்பாக வளர்ந்திருக்கிறது.

ஒட்டடையின் மகன் பெங்களூரிலிருந்து கையகல புரொஜெக்டர் ஒன்று கொண்டுவந்திருந்தான். ராத்திரி ஹாலில் ஒட்டடையின் எட்டு முழ வேட்டியைச் சுவரில் ஆணியடித்துக் கட்டினோம். என்ன படம் என்று கேட்டதற்கு 'எனிமி' என்றான். "விஷாலும் ஆர்யாவும் நடிச்சதா?" என்று மாமா உற்சாகமாகிவிட்டார். அது 2021, இது 2013. பின்னாளில் 'டூன்' எடுத்தாரே டெனி வில்நெவ், அவர் எடுத்தது. போர்ச்சுகல்காரர் ஜோசே சரமாகோ 2002-ல் எழுதிய நாவல்தான் மூலம், 1998-ல் நோபல் வாங்கியவர். ஒன்றரை மணி நேரம்தான் படம். டொரான்டோவில் ஒரு வரலாற்று வாத்தியார். வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் படத்தில் ஓட்டல் பையனாக ஓரத்தில் நிற்கிற துணை நடிகன் அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருப்பதைப் பார்க்கிறான், தேடிப் போகிறான். அந்த நடிகனுக்கு ஆறு மாதக் கர்ப்பிணி மனைவி. இரண்டு வேஷமும் ஜேக் ஜில்லன்ஹால். ஊர் முழுக்க மஞ்சள் காமாலை வந்தமாதிரி ஒரு நிறம். கதை இவ்வளவுதான், ஆனால் நடுநடுவே சிலந்தி வந்துவிடுகிறது. ஒரு காட்சியில் கட்டடங்களைவிட உயரமாக, நீளநீளமான கால்களோடு ஊருக்கு மேலேயே நிற்கிறது. எதற்கு என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சரமாகோவின் நாவலில் இந்தச் சிலந்தியே கிடையாது, படத்துக்காகச் சேர்த்ததாம்.

1960-ல் 'சைக்கோ' வந்தபோது படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்காரர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் இல்லையா, இங்கே ஒட்டடை மூன்று தடவை எழுந்து போய் நாய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்தான். போதாக்குறைக்கு வெளிச்சத்துக்கு வந்த அந்துப்பூச்சி ஒன்று வேட்டியில் உட்கார்ந்துவிட்டது. அதுவும் படத்தில் இருப்பதுதான் என்று நினைத்துக் கால் மணி நேரம் எல்லோரும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "இரட்டை வேஷமா? அதை நம்ம ஊர்லயே 1940-ல எடுத்தாச்சு" என்று ஆரம்பித்தார். மலையேறப் போகும்போதே பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைப் பார்த்ததும் அதன் முதலாளி டி.ஆர். சுந்தரம் புராணம் ஒரு சுற்று முடிந்திருந்தது, இப்போது இரண்டாவது சுற்று: 'உத்தம புத்திரன்', பி.யு. சின்னப்பா, கெட்டவன் எப்படி நிற்பான், நல்லவன் எப்படி நிற்பான். "இதுல ஒருத்தனுக்காவது மரு வெச்சிருக்க வேண்டாமா? யாரு எவன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" கடைசியில் வாத்தியாரின் அம்மா வந்ததும் (இசபெல்லா ரொசெல்லினி) நிமிர்ந்து உட்கார்ந்தார், சரி, இனி பிளாஷ்பேக், பிரசவ ஆஸ்பத்திரி, இரட்டைக் குழந்தை என்று. அந்த அம்மா அதெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. புளூபெரி சாப்பிடு, உனக்குப் பிடிக்குமே என்கிறாள், பிடிக்காது என்கிறான். அந்த மூன்றாந்தர நடிகன் ஆசையை விட்டுத்தொலை என்கிறாள். அவ்வளவுதான். மாமா தொடையில் தட்டி, "அட, அப்ப ரெண்டும் ஒரே ஆளுதானா!" என்றார். அந்த நேரம் வரைக்கும் எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை, பெங்களூர்க்காரன் உட்பட.

இனி கடைசிக் காட்சி. நீ எப்படியும் பார்க்கப்போவதில்லை, சொல்லிவிடுகிறேன். விபத்தில் நடிகன் வேஷம் போய்விட்டது, வாத்தியார் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டான். மனைவியும் கண்டும் காணாத மாதிரி இருக்கிறாள். ஒரு கவரைப் பிரிக்கிறான், உள்ளே ஒரு சாவி. இன்னைக்கு ராத்திரி வெளியே போக வேண்டியிருக்கிறது என்று அறையைப் பார்த்துச் சொல்கிறான். பதில் இல்லை. போய் எட்டிப் பார்க்கிறான். அறை முழுக்க, கூரை வரைக்கும், சிலந்தி. படம் முடிந்தது.

ஒட்டடை சம்சாரம் போட்ட சத்தத்தில் வெளியே நாய் குரைத்தது. காப்பி டம்ளர் போர்வையில் கவிழ்ந்தது. சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒட்டடை, "மிச்சம் எங்கடா?" என்று மகனைக் கேட்டான், ஏதோ அவன் பாதியை ஒளித்து வைத்திருப்பதுபோல. அந்தப் பயல் உடனே போனை எடுத்து விளக்க வீடியோ ஒன்றைப் போட்டான். எனக்கு இந்த விளக்க வீடியோக்கள் மேல் தனிப்பட்ட கோபமே உண்டு. பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம் எது, பேரீச்சை எது என்று பிரித்து வரிசையாகத் தட்டில் வைத்துக் காட்டுகிற மாதிரி. சிலந்தி என்றால் பெண், வலை என்றால் கல்யாணம், மேலே போகிற டிராம் கம்பி வலை, விபத்தில் நொறுங்கிய கார்க் கண்ணாடியின் விரிசலும் வலை. கம்பியும் கண்ணாடியும் சரி, பார்த்தாலே தெரிகிறது. ஆனால் இது ஏமாற்று வேலை, புரியாமல் எடுப்பது பெரிய திறமையா என்று நான் பிடித்துக்கொண்டேன். 2017-ல் அரோனோஃப்ஸ்கியின் 'மதர்!' படத்துக்கு அமெரிக்காவிலேயே முதல் நாள் பார்த்தவர்கள் 'எஃப்' போட்டுக் கொடுத்தார்கள், படம் பார்த்தவர்களிடமே கிரேடு கேட்கிற அந்த சினிமாஸ்கோரில் அதற்குக் கீழே கிரேடே கிடையாது, ஜனங்களுக்குக் கோபம் வந்தால் அதில் நியாயம் இருக்கும் என்றேன். அவன் ஏதோ சொன்னான், நான் குரலை உயர்த்தினேன். அவன் மறுபடி சொன்னான், நான் இன்னும் உயர்த்தினேன். மணி பன்னிரண்டரை. பையன் வாயை மூடிக்கொண்டான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உன் தங்கச்சி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி கொட்டின போர்வையைச் சுருட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எல்லாரும் சிலந்தியைப் பார்த்துப் பயந்தீங்க. அது எதுக்கு அப்படிச் சுவரோரமா ஒடுங்குச்சுன்னு ஒருத்தரும் கேக்கலையே."

போர்வையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

எல்லோரும் படுத்த பிறகு நான் அந்தக் கடைசிச் சில விநாடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன், எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவள் சொன்னது சரி மாப்ள. அவ்வளவு பெரிய பிராணி அவனைப் பார்த்ததும் காலையெல்லாம் இழுத்துக்கொண்டு பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டுகிறது. அவன் முகத்தில் பயமே இல்லை. ஒரு பெருமூச்சு விடுகிறான், சலித்துப்போனவன் மாதிரி, அட, இன்றைக்கும் இப்படித்தானா என்பது மாதிரி. அப்புறம் முதலில் அவன் வகுப்பெடுக்கும் காட்சி ஞாபகம் வந்தது. போர் அடிக்கிறது, ஓட்டுடா என்று நான்தான் ஓட்டச் சொல்லியிருந்தேன். அதைப் போட்டுப் பார்த்தேன். சர்வாதிகாரிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறான், அவர்களுக்கு ஒரே வெறி, எல்லாம் தன் பிடிக்குள் இருக்க வேண்டும் என்பது என்கிறான். இன்னொரு நாள் அதே பாடத்தை அப்படியே மறுபடி நடத்துகிறான். படத்துக்கு இதுதான் சாவி என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னால் அந்த வீடியோக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இறங்கி வந்தோம். திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பினேன். நம் சந்து உனக்குத் தெரியும், ரேஷன் கடை தாண்டினாலே எந்த வீட்டில் என்ன சீரியல் ஓடுகிறது என்று கேட்கும். எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சின்னவள் எதற்கோ பலமாகச் சிரித்தாள். நான் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன். டிவி சத்தம் குறைந்தது. யாரோ எழுந்து நடக்கும் சத்தம். என் நாற்காலிக்கு மேலே இருக்கிற ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே போனால் நாற்காலியில் கிடந்த புத்தகமெல்லாம் தரைக்குப் போயிருந்தது, சின்னவள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக இதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கை நீட்டியதில்லை, உனக்கே தெரியும். குரல்தான். அப்புறம் அந்த இட்லித் தட்டு. நீ அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய், சுவரில் சாம்பார் வழிந்ததைப் பார்த்தாய், அவள் துணி எடுத்துவந்து துடைத்ததையும் பார்த்தாய். "வா மாப்ள, வெளியே போய் டீ குடிக்கலாம்" என்று என்னைக் கூட்டிப் போனாய். டீக்கடையில் கிரிக்கெட் பேசினோம். வாய் நிறையத் தங்கச்சி தங்கச்சி என்கிறாயே, அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை ஏன்டா சொல்லவில்லை? பழியை உன் மேல் போடுகிறேன் என்று நினைக்காதே, கொஞ்சம் போடுகிறேன்தான். நீ சொல்லியிருந்தால் உன்னோடும் சண்டை போட்டிருப்பேன், ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அதுவும் நிஜம்.

வியாழக்கிழமை ஒரு யோசனை வந்தது. சந்து முனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன், அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும் என்று. திண்ணையில் உட்கார்ந்திருந்த சின்னவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், நான் நிற்கிறேன். ஜியாமெட்ரி பாக்ஸ் கீழே விழுந்து காம்பஸ், பென்சில் எல்லாம் படியில் உருண்டன. "ஏன்ப்பா இப்படிச் சத்தமே இல்லாம வர்றீங்க?" முகமெல்லாம் வெளுத்துப்போயிற்று. ஆக, சத்தத்தோடு வந்தாலும் தப்பு, இல்லாமல் வந்தாலும் தப்பு. இப்போது ரேஷன் கடையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறேன். பிரேக் சரியில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். நேற்று உன் தங்கச்சி மெக்கானிக்குக்குக் கொடுங்கள் என்று முந்நூறு ரூபாய் எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள்.

அவளிடம் கேட்டேன், ஏற்காட்டில் அன்றைக்கு என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நான் படத்தைத்தாங்க சொன்னேன்" என்றாள். கத்தி ஒரு நிமிஷம் நின்று, அப்புறம் நறுக்க ஆரம்பித்தது.

ஒட்டடை உனக்கென்று இரண்டு கிலோ காப்பிக் கொட்டை கொடுத்திருக்கிறான், வறுத்து அரைத்து அனுப்புகிறேன். சிக்கரி எவ்வளவு என்று சொல், போன தடவை மாதிரி அப்புறம் புலம்பாதே. மாமா பங்குனியில் உன் ஊர்ப் பக்கம் வரலாம் என்கிறார், 'உத்தம புத்திரன்' கதையைக் கேட்கத் தயாராக இரு. மற்றதற்கெல்லாம் உனக்கு நேரம் கிடைக்கும்போது பதில் போடு. அந்தத் தட்டு விஷயத்துக்கு மட்டும் உடனே எழுது. போன் செய்யாதே, எங்கள் வீட்டில் நான் போனில் பேசினால் டிவியை நிறுத்திவிடுகிறார்கள்.

உன்,
பதினோராவது வளைவில் உன்னைப் பிடித்துக்கொண்டவன்