ஜோடிகளைப் பிரித்து விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீவில் தங்கி, ஓட்டுப் போட்டு ஒருவரையொருவர் வெளியேற்றும் 'சர்வைவர்' டிவி போட்டிக்குப் பிரபலங்களை ஜோடி ஜோடியாக அனுப்புவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் யார் போனால் சுவாரசியம் என்று ஒரு பட்டியல் போட்டதோடு நிறுத்திவிட்டீர்கள். போன பிறகு அந்த இரண்டு பேரையும் எங்கே நிறுத்துவது? ஆட்டமே அதில்தான் இருக்கிறது.

ஒரே அணியில் விட்டால் கதை கந்தல். கணவன் ஓட்டும் மனைவி ஓட்டும் சேர்ந்தேதான் விழும். அடுத்து யார் வெளியே என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

அமெரிக்க சர்வைவர் 2013-ல், தன் 27-வது சீசனில், இதைச் சரியாகக் கையாண்டது. பழைய போட்டியாளர்கள் ஓர் அணி, அவர்களுடைய சொந்தங்கள் எதிரணி. ஓட்டில் வெளியேறியவர் தனித்தீவுக்குப் போவார், அங்கே நடக்கும் போட்டியில் தோற்றால்தான் வீடு. அவருடைய ஜோடி விரும்பினால் அவருக்குப் பதிலாகத் தான் போகலாம். பழைய போட்டியாளர் ரூபர்ட்டின் மனைவி லாராவை ஆரம்பத்திலேயே தூக்கிவிட்டார்கள். மனிதர் 'நான் போகிறேன்' என்று கிளம்பினார், தனித்தீவில் முதல் போட்டியிலேயே தோற்று மூட்டை கட்டினார். இன்னொரு பழைய போட்டியாளர் டைசனின் காதலி ரேச்சலை அவருடைய அணியே வெளியேற்றியது, டைசனும் இப்படிப் பாசத்தில் இறங்கி வருவார் என்ற கணக்கில்தான். வர வேண்டாம் என்றார் ரேச்சல். டைசனும் போகவில்லை, கடைசியில் 10 லட்சம் டாலர் அவருக்குத்தான். அதே சீசனில் சியேரா என்ற பெண் ஓட்டுச் சீட்டில் தன்னைப் பெற்ற அம்மாவின் பெயரையே எழுதினார். எந்த டாஸ்க்கும் அதற்கு ஈடாகாது.

அடுத்த ஆண்டு, இலங்கைப் பின்னணி கொண்ட இரட்டைச் சகோதரிகள் நடாலியும் நாடியாவும் எதிரெதிர் அணிகளில் இறங்கினார்கள். முதல் ஆளாக வெளியேறியவர் நாடியா. பட்டம் வென்றவர் நடாலி!

தமிழில் 2021-ல் அர்ஜுன் நடத்திய சீசனில், ஸான்ஸிபாரில், காடர்கள், வேடர்கள் என்று பிரிந்து மோதினார்கள். விஜயலட்சுமி 1 கோடி ரூபாய் வென்றார். தனித்தனி ஆளாகப் போனதால் முகத்துக்கு நேரே சண்டை போட முடிந்தது. கூடவே கணவரோ மனைவியோ இருந்திருந்தால்? 'வெளியே ரசிகர்கள் என்ன நினைப்பார்கள்' என்ற யோசனையிலேயே பாதி எபிசோடு ஓடியிருக்கும். மீதியை ஸ்லோமோஷனும் வயலினும் எடுத்துக்கொள்ளும், நம் சேனல்களைத் தெரியாதா! எனக்கு எரிச்சல் தருவது அழுகை இல்லை. பசியில் வருகிற அழுகை வரட்டும், அதற்குத்தானே தீவுக்குப் போகிறார்கள். பக்கத்தில் தோள் கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்து அழுகிற அழுகைதான் சகிக்கவில்லை.

வெளியேறியவர்கள் தங்கும் 'மூன்றாம் உலகம்' நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. அதில் இந்த இடம் மாற்றும் விதியைச் சேர்த்தால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அப்புறம், பரிசு விஷயம். கணவன் ஜெயித்தாலும் மனைவி ஜெயித்தாலும் பணம் ஒரே வீட்டுக்குத்தானே போகிறது? அதனால் தம்பதிகள் ஒன்றிரண்டு போதும். தனித்தனிக் குடும்பமாகிவிட்ட அண்ணன் தம்பிகள், மார்க்கெட்டில் ஒருவருக்கொருவர் போட்டியாக நிற்கும் நண்பர்கள், இவர்களை அதிகம் கூப்பிடச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்