தனுஷ்கோடி படப்பிடிப்பு பற்றி

நண்பர்களுக்கு வணக்கம். நேற்று நம் குறும்படத்தின் தனுஷ்கோடிக் காட்சிகள் முடிந்தன. வெயில் கொளுத்தியது, கறுப்பு வெள்ளைக்கு அந்த வெயிலே பெரிய துணை. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்கள் பவளக்கல்லால் ஆனவை. காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது கல்லின் ஒவ்வொரு துளையும் தனித்தனியாகத் தெரிந்தது. கலரில் எடுத்திருந்தால் கண் முதலில் நீலக் கடலுக்குத்தான் போயிருக்கும்.

வானமும் கடலும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடுமோ என்ற கவலை இருந்தது. சிவப்பு ஃபில்டர் போட்டதும் வானம் கருத்து, மேகங்கள் எழுந்து நின்றன. வெளிச்சம் மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறையும்தான், அந்த வெயிலில் அது பொருட்டே இல்லை. முகங்களுக்கு மட்டும் ஃபில்டரைக் கழற்றினோம், சிவப்பில் தோல் வெளுத்துவிடும். நம் கடற்கரை மனிதர்களின் கருமை அப்படியே வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வேலையை நிறுத்திவிட்டு நமக்காக வலையை விரித்துக் காட்டிய அண்ணன்மாருக்கு நன்றி சொல்லித் தீராது.

அப்புறம், கேமரா வைத்திருப்பவர்கள் முதலில் மணலை ஊதி எடுத்துவிட்டு, பிறகு உப்பைத் துடையுங்கள். ஞாயிறு மாலை மண்டபத்தில் ரஷ், அதாவது எடுத்த காட்சிகளை வெட்டாமல் அப்படியே, பார்க்கிறோம், எல்லோரும் வந்துவிடுங்கள்.