டிகிரி முடிச்ச புள்ளைக்கு எவ்ளோ வைக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலேஜ் ரிசல்ட் வந்துட்டாலே எங்க பாலக்கோடு பக்கம் வீட்டுக்கு வீடு இதே பஞ்சாயத்துதாங்க, அவங்க பையன் டிகிரி முடிச்சுட்டானாம், போய் பாக்கணும், வெறுங்கையோட போக முடியாது, எவ்ளோ வைக்கறது. கல்யாணம்னா தொல்லையே இல்ல, பழைய மொய் நோட்டை எடுத்து அவங்க நமக்கு என்ன எழுதுனாங்கன்னு பாத்து அதுக்கு மேல கொஞ்சம் சேத்து எழுதிட்டு வந்துடலாம். டிகிரிக்கு ஏது நோட்டு? எங்க சொந்தத்துல முக்கால்வாசி இப்பதான் முதல் தலைமுறை பட்டதாரின்னு சர்டிபிகேட் வாங்கி பீஸ் சலுகையில படிச்ச புள்ளைங்க, அதுக்கு முன்னாடி யாருக்கு யாரு செஞ்சிருக்கா.

வழக்கம்னு ஒண்ணு இல்லாததால கல்யாண வழக்கத்தையே இதுக்கும் இழுத்துட்டு வந்துட்டாங்க. போன வருஷம் சொந்தத்துல ஒரு பையன் பர்கூர் அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல முடிச்சான். ரோட்டோரம் பிளெக்ஸ், வீட்டு முன்னாடி பந்தல், பிரியாணி எல்லாம் அமர்க்களம். வாசல்லயே ஒரு டேபிள் போட்டு ஓரத்துல மஞ்சள் தடவின நோட்டோட ஒருத்தர் பேரு ஊரு எழுதறாரு, பக்கத்துல இருக்கறவரு கவர்ல ஒட்டியிருக்கற ஒத்த ரூபா காசை நகத்தால பேத்து டப்பாவுல போட்டுட்டு பணத்தை எண்றாரு, கவர் இல்லாதவங்களுக்கு ஜீபே அட்டை வேற. பட்டம் வாங்கின பையன் எங்கடான்னு பாத்தா பந்தியில தண்ணி பாட்டில் வெச்சுகிட்டு இருக்கான்! வந்த பணம் பூராவும் பந்தல்காரருக்கும் அவங்கப்பா மொய் பாக்கிக்கும் சரியாப் போச்சு. கொஞ்ச நாள்ல அதே பையன் ஓசூர் சிப்காட்ல வேலை கிடைச்சிருக்கு மாமா, ரூம் அட்வான்ஸ் குடுக்கணும், சம்பளம் வந்ததும் தந்துடறேன்னு என்கிட்ட வந்து நிக்கறான்.

அதான் சொல்றேன், டிகிரிக்கு குடுக்கறதை மொய்யா எழுதாதீங்க, எழுதவும் வைக்காதீங்க, புள்ளை கையில குடுங்க. திரும்ப வரும்னு நெனக்கறதாலதான் தொகை ஏறுது, வராதுன்னு முடிவு பண்ணிட்டா நம்ம சக்திக்கு எவ்ளோன்னு தானா தெரிஞ்சுடும். தக்காளி கூடை விலை போகாம ரோட்டுல கொட்டற மாசத்துல ஊருக்கு பயந்து வட்டிக்கு வாங்கி 5001 வைக்கறதெல்லாம் தேவையா? தெரிஞ்சவங்க வீடுன்னா 200, 300 போதும், பங்காளி முறைன்னா 500ல இருந்து 1000, கூடப் பொறந்தவங்க புள்ளைன்னா தாய்மாமனுக்கு கொஞ்சம் ஜாஸ்திதான் ஆகும், அதுகூட மோதிரமா போடறதுக்கு பதிலா ரூம் அட்வான்ஸா, பஸ் பாஸா, ஷூவா குடுத்தா அந்த மாசமே உதவும். இது என் கணக்கு, உங்க வசதி வேற மாதிரி இருக்கலாம்.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப நாளா உறுத்தறது. இன்ஜினியரிங் பையனுக்கு 2000 வைக்கற அதே மாமா, கிருஷ்ணகிரி அரசு மகளிர் காலேஜ்ல பி.ஏ. முடிச்ச பொண்ணுக்கு 200 வைக்கறாரு, கேட்டா பொண்ணுக்கு கல்யாணத்துல செஞ்சுக்கலாம்னு பதில். அரசு பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு 2022ல இருந்து புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல வருது இல்லீங்களா, அது படிப்பு முடியற வரைக்கும்தான். டிகிரி முடிஞ்சதும் அந்த ஆயிரம் நின்னுடும், ஆனா டிஎன்பிஎஸ்சி புக்கு, பி.எட். அப்ளிகேஷன், தர்மபுரிக்கு கோச்சிங் போய்வர பஸ் காசுன்னு செலவு அப்பதான் ஆரம்பிக்குது. அந்த நேரத்துல ஒரு மாமா ஒரு சித்தின்னு ஆளுக்கு ஆயிரம் குடுத்தா அந்தப் பொண்ணு அப்பாகிட்ட கையேந்தாம அஞ்சாறு மாசம் படிக்கலாம். என் பொண்ணும் அடுத்த வருஷம் பி.காம். முடிக்கறா, வர்ற கவரை அவளே வெச்சுக்கட்டும்னு வீட்ல இப்பவே சொல்லிட்டேன், எங்கம்மாவுக்குத்தான் முறைமை போச்சேன்னு கோவம்.

கடைசியா ஒரு விஷயம், இது மண்டபமே புடிச்சு டிகிரி பங்ஷன் வைக்கறவங்களுக்கு. கல்யாணத்துக்கு பொண்ணு மாப்பிள்ளைக்கு வர்ற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது, ஆனா டிகிரிக்கு அந்த சலுகை இல்ல. மாமா, அத்தை, சித்தப்பா, தாத்தா பாட்டி மாதிரி நெருங்கின சொந்தம் குடுத்தா எவ்ளோனாலும் பரவால்ல, தூரத்து பங்காளியும் பிரெண்டும் குடுக்கறது எல்லாம் சேந்து ஒரு நிதியாண்டுல 50,000 ரூபாய தாண்டிடுச்சுன்னா மொத்தமும் வருமானமா கணக்குல ஏறும். நோட்டுல பேரு ஊரோட எழுதி வேற வெக்கறோம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஆடிட்டர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.