மோயாற்றில் மிஞ்சியிருக்கும் மாசீர்

ஆசிரியருக்கு வணக்கம். பவானிசாகர் அணை நிரம்புவதைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் மோயாற்றில் இருக்கும் ஒரு மீனைப் பற்றியும் நாலு வரி எழுத வேண்டும். கூன்முதுகு மாசீர், கெண்டை இனம்தான், ஆனால் தலைக்குப் பின்னால் திமில் மாதிரி ஒரு மேடு, செம்மஞ்சள் துடுப்பு, 50 கிலோவுக்கு மேலும் வளரும். உலகத்திலேயே காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டும்தான் உண்டு. புலியைவிட இதற்குத்தான் இன்று ஆபத்து அதிகம் என்பேன். இதற்குச் சரியான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான், அதற்குள் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

இந்த மீன் கூழாங்கல் படுகையில், ஓடுகிற தெளிந்த நீரில் முட்டையிடும். மணலை அள்ளி, குறுக்கே அணை கட்டி, மீன் பிடிக்க மடுவில் வெடித் தோட்டா போட்டால் அப்புறம் அது எங்கே போகும்? தோட்டா வெடித்தால் பெரிய மீனோடு விரல் நீளக் குஞ்சும் சேர்ந்து மிதக்கும். போதாததற்கு, 1970களில் தொடங்கி கிருஷ்ணா படுகையின் நீலத்துடுப்பு மாசீர் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு காவிரியில் விட்டார்கள், அது பெருகியது, நம் மீன் குறைந்தது.

ஆகவே வேற்றுக் குஞ்சுகளை விடுவதை நிறுத்துங்கள். தோட்டா போடுபவர்கள் மேல் வழக்குப் போடுங்கள். கோடையிலும் மோயாற்றில் கொஞ்சமாவது தண்ணீர் ஓடவிடுங்கள்.

- ஒரு வாசகர், சத்தியமங்கலம்