வடகடல் எது, தென்கடல் எது என்று தெரியாமல் விற்ற மூன்று நாள் சுற்றுலா

அனுப்புநர்: உங்கள் ராமேஸ்வரம் கடல் சாகசத் தொகுப்புக்கு ஐந்து பேருக்குப் பணம் கட்டியவன், திருச்சி.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர் (அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தால்).

பொருள்: நடக்காத கயாக், இறங்க முடியாத தீவு, காரங்காடு அலைச்சல் – பணத்தைத் திருப்பித் தருவது குறித்து.

ஐயா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நாலாவது கடிதம். முந்தின மூன்றும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.’ அனுப்பிய இரண்டாவது நிமிஷமே வந்துவிடுகிறது, ஒரு புள்ளிகூட மாறாமல். அதனால்தான் இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

கார்த்திகை முதல் வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. பெரியவர்கள் மூன்று பேருக்குத் தலா ₹7,800, பிள்ளைகள் இருவருக்குத் தலா ₹5,200, ஆக மொத்தம் ₹33,800. தொகுப்பில் என்னென்ன உண்டு என்பதை நான் எழுத வேண்டியதில்லை, நீங்கள் அச்சடித்ததுதானே. அந்தப் பச்சைக் கூப்பன்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பதினைந்தில் பதினொன்று கிழிக்கப்படவே இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் 4:50-க்கு உங்கள் உதவி எண்ணில் பேசிய அந்தத் தம்பி யார்? அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்கிறீர்களே, அதை எடுத்துப் போட்டுக் கேளுங்கள். அப்போது நாங்கள் காரங்காட்டில் படகுத் துறையில் நின்றுகொண்டிருந்தோம். எழுபது வயது அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து கோடு விழுந்திருந்தது. காற்றில் குடை நிற்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது ஒரே கேள்வி: “இங்கே உங்க கம்பெனி பேரே யாருக்கும் தெரியலையே, இப்ப நாங்க என்ன செய்யணும்?” அதற்கு அந்தத் தம்பி சொன்ன பதில்: “சார், நீங்க எடுத்தது அட்வெஞ்சர் பேக்கேஜ். வயசானவங்களை எல்லாம் எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

அம்மாவுக்கும் முழு ₹7,800 வாங்கும்போது வயது தெரியவில்லையா? உங்கள் படிவத்தில் வயது எழுத ஒரு கட்டமே இருக்கிறது. 70 என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் வாங்கினீர்கள்.

அப்புறம் “லைன்ல இருங்க” என்று சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டார். இருபத்திரண்டு நிமிஷம். நடுவில் போன் சூடாகி அணைந்தே போனது.

சரி, வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிரப்பன்வலசையில் கயாக் என்று போட்டிருந்தீர்கள். விடியும் முன்னே பிள்ளைகளை எழுப்பி, ஓட்டலில் இட்லிகூட வேகாத நேரத்தில் கிளம்பிப் போனோம். கடலைப் பார்த்ததுமே எனக்கே புரிந்துவிட்டது. தண்ணீர் கலங்கிப் பழுப்பாக இருந்தது. கரை நெடுகக் கடல் தாழை குப்பை குப்பையாக ஒதுங்கிக் கிடந்தது. கயாக்குகளை எல்லாம் கவிழ்த்துப் போட்டுக் கயிற்றால் மரத்தோடு கட்டி வைத்திருந்தார்கள். டீக்கடை அண்ணன் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொன்னார்: “வாடைக் காத்து எடுத்துருச்சு தம்பி. இனி தை வரைக்கும் வடகடல் இப்படித்தான். தென்கடல் பக்கம் போங்க, குளமாட்டம் கிடக்கும்.”

இதுதான் ஐயா என் மொத்தப் புகாரும். உங்கள் விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் ‘ஆண் கடலும் பெண் கடலும் கைகோக்கும் தனுஷ்கோடி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்று அந்த ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் தெற்கே சீறும், வடக்கே அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை வந்துவிட்டால் அப்படியே தலைகீழ். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்குத் தெரிந்த சங்கதி, கடலை விற்றுப் பிழைக்கும் கம்பெனிக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

தெரியாது என்பதற்குச் சாட்சி அடுத்து நடந்தது. உங்கள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். (அவர் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன்.) “அப்படியா சார், அரியமான் போயிடுங்க” என்றார். அரியமானும் வடகடல்தான். போனோம். அதே அலை, அதே தாழை. அங்கிருந்து மறுபடி போன். “கவலைப்படாதீங்க சார், காரங்காட்ல மாங்குரோவ் போட்டிங் போட்டுத் தரேன், உங்க கூப்பனை அங்கே காட்டினா போதும்” என்றார். பதினொன்றரைக்குத் தருகிறேன் என்ற உறுதிச் செய்தி ஒன்றரை மணிக்குத்தான் வந்தது. ராமநாதபுரம் போய், தேவிபட்டினம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிப் பக்கம் அத்தனை தூரம் போய்ச் சேர்ந்தபோது படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூப்பனைக் காட்டினேன். அங்கிருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கூப்பனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “இது எங்களது இல்லையேப்பா. காலையில வந்து இங்கேயே காசு கட்டியிருந்தா ஏத்திவிட்டிருப்போமே” என்றார். அவர்மேல் குற்றமே இல்லை. அலையாத்தி மரங்களுக்குள் நாரைகள் வந்து அடைந்துகொண்டிருந்ததைப் பிள்ளைகள் கரையிலிருந்தே பார்த்தார்கள். அவ்வளவுதான் எங்கள் காரங்காடு.

அதற்குக் கூடுதல் கிலோமீட்டர் கட்டணம் ₹2,600! திரும்பும் வழியில் ராமநாதபுரம் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு, பணம் போட்டால்தான் நகரும் என்றார் உங்கள் ஓட்டுநர். ‘ஆபீஸ் ஆர்டர்’ என்றார். அவரும் என்ன செய்வார், காலையிலிருந்து பட்டினியாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அனுப்பினேன், ரசீது இருக்கிறது. நீங்கள் தப்பான இடத்துக்கு அனுப்பினீர்கள், அந்தத் தூரத்துக்கும் என்னிடமே காசு வாங்கினீர்கள். இதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

அம்மாவை எதற்குக் கூட்டி வந்தேன் என்று கேட்டாரல்லவா அந்தத் தம்பி. அதற்கும் பதில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் தனுஷ்கோடிக்கு உங்கள் வழிகாட்டி கூட்டிப் போனார். இடிந்த தேவாலயத்தின் முன் நின்றுகொண்டு என் பிள்ளைகளிடம், “இந்த ஊரே 2004 சுனாமியில அழிஞ்சது” என்றார். என் அம்மா குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு, “தம்பி, அது சுனாமி இல்ல, புயல். 1964 மார்கழி. எனக்கு அப்போ ஒம்பது வயசு” என்றார். அம்மா பரமக்குடிக்காரர். அன்று ராத்திரி அடித்த காற்றில் எங்கள் தாத்தா வீட்டுக் கூரை பறந்ததையும், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போன செய்தி மெல்ல மெல்ல ஊருக்கு வந்ததையும், ஜெமினியும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று தெருவே பேசியதையும் சொன்னார். பக்கத்தில் நின்ற வேறு கோஷ்டிக்காரர்களும் வந்து கேட்டார்கள். மூன்று நாளில் உருப்படியாக நடந்த ஒரே சுற்றுலா அதுதான். அதை நடத்தியது என் அம்மா. அதற்கும் காசு என்னிடம்தான் வாங்கினீர்கள்.

அரிச்சல்முனையில் அசோகத் தூணைச் சுற்றி வருவதற்குள், “நேரமாச்சு, போலீஸ் விசில் அடிப்பாங்க” என்று வழிகாட்டி கிளப்பிவிட்டார். சாயங்காலம் அங்கே நிற்க விடமாட்டார்கள் என்பது தெரிந்த கதைதானே, அப்புறம் எதற்கு ‘தனுஷ்கோடியில் அந்தி நேரம்’ என்று கூப்பன்?

இன்னொன்று. உங்கள் தாளில் ‘1914-ல் கட்டிய பாம்பன் பாலத்தில் திகில் ரயில் பயணம்’ என்று இன்னும் இருக்கிறது. அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று. நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் பாலம். நாங்கள் ராமேஸ்வரம் வந்ததே அதன்மேல்தான். ஜன்னல் வழியாகப் பழைய பாலத்தைக் காட்டி, “இதுலதான் போகப் போறோமாப்பா?” என்று சின்னவன் கேட்டான். உங்கள் தாளைப் படித்துவிட்டுக் கேட்டான், பாவம்.

ஞாயிற்றுக்கிழமையைச் சுருக்கமாக முடிக்கிறேன், எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. ‘ஆளில்லாத் தீவில் இறங்கி ஸ்நார்க்கெலிங்’. மண்டபத்தில் படகுக்காரரிடம் கூப்பனைக் கொடுத்ததும் அவர் சிரித்துவிட்டார். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் காலை வைக்க முடியாது. உங்கள் அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டார். எங்களிடம் என்ன இருக்கிறது, பச்சைக் கூப்பன்தான். கரையோரமாக இடுப்பளவு தண்ணீரில் பத்து நிமிஷம் முகமூடி போட்டுக்கொள்ளச் சொன்னார் உங்கள் ஆள். குழாயின் வாய் ரப்பரில் யாரோ கடித்த பல் தடம் அப்படியே இருந்தது. பெரியவளுக்குக் கொடுத்த உயிர்காப்பு ஜாக்கெட்டில் மூன்று கொக்கிக்கு ஒன்றுதான் மிச்சம், மற்ற இரண்டு இடத்திலும் நைலான் கயிறு முடிச்சு. நான் கழற்றி வாங்கிக் கொடுத்துவிட்டேன். இத்தனைக்கும் அன்று தென்கடல், டீக்கடை அண்ணன் சொன்ன மாதிரியே, குளம் போலக் கிடந்தது. சனிக்கிழமை அந்தப் பக்கம் அனுப்பியிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

இவ்வளவுக்கும் சேர்த்து ₹1,500-க்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம், மார்ச்சுக்குள் பயன்படுத்த வேண்டும் என்கிறீர்கள். மறுபடியும் கூப்பனா? என் பிள்ளைகளுக்கு இனி ஜென்மத்துக்கும் கடல் ஆசை வராது. மனைவியின் ஒரு வருஷ விடுமுறை போயிற்று. அம்மா இன்னும் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் பணத்தால் அளக்க முடியாது என்றாலும், அளந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. கட்டிய ₹33,800, பங்க்கில் பிடுங்கிய ₹2,600, ஆக ₹36,400, மன உளைச்சலுக்கு ஒரு லட்சம். ஒரு லட்சம் அதிகம் என்று தோன்றினால், அந்த இருபத்திரண்டு நிமிஷப் பாட்டை ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. நல்லபடியாகப் பேசி முடித்தால் எல்லோருக்கும் நல்லது. இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் என் கணக்குக்கு வர வேண்டும். வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வழக்கென்றால் உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய சேவைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. கூப்பன்கள் பதினொன்று, பங்க் ரசீது, ஜாக்கெட்டின் புகைப்படம், எல்லாம் ஒரு கோப்பில் தயாராக இருக்கிறது.

அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என் அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், போதும். அம்மாவுக்கு மதியத்தில் தூக்கம், நாலு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்பதிவு எண்ணை மூன்று முறை எழுதிக் கை ஓய்ந்தவன்

பி.கு.: அம்மாவின் குடை உங்கள் வண்டியிலேயே தங்கிவிட்டது. கறுப்புக் குடை, மரப்பிடி, ஒரு கம்பி காரங்காட்டுக் காற்றில் வளைந்திருக்கும். பணத்துக்கு ஆலோசனைக் கூட்டம் போட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். குடையை அனுப்ப யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லையே, அதை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.