கிரெண்டலின் தாய்க்கு அவள் விரல்களைத் திருப்பித் தாருங்கள்

பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கில வீரகாவியத்தை இன்றைய ஆங்கிலத்தில் பெயர்க்கும் அறிஞர்களுக்கு,

வணக்கம். பழைய ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த 3182 வரிகளுக்குள் நுழைய உங்கள் நூல்கள்தான் கைவிளக்கு. அந்த நன்றியோடுதான் ஒரே ஒரு சொல்லுக்காக உங்களிடம் மன்றாட வந்திருக்கிறேன்.

ஆக்லேச்சா. காவிய நாயகன் பியோவுல்ஃப் எதிர்த்துப் போரிடும் கிரெண்டலையும் டிராகனையும் கவிஞன் அழைக்கும் சொல் இது. ஆனால் 893ஆம் வரியில் மாவீரன் சீகமுண்டும் ஆக்லேச்சாதான். 2592ஆம் வரியில் பியோவுல்ஃபையும் டிராகனையும் ஒன்றாக நிறுத்தி, இருவருக்கும் சேர்த்து இதே சொல்லைப் போடுகிறான். காவியத்துக்கு வெளியே, 11ஆம் நூற்றாண்டில் பைர்ட்ஃபெர்த் என்ற துறவி, பேரறிஞர் பீடைப் பற்றி எழுதும்போது இதையே அடைமொழியாக்குகிறார். போற்றும் ஆசானை யாராவது அரக்கன் என்பார்களா?

1922இல் அறிஞர் கிளேபர் கொண்டுவந்த மூலப் பதிப்பின் சொல்லடைவு இந்த ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்தது. கிரெண்டலுக்கு என்றால் அரக்கன், பேய். வீரர்களுக்கு என்றால் நாயகன். 1259ஆம் வரியில் கிரெண்டலின் தாயை 'ஆக்லேச்வீஃப்' என்கிறான் கவிஞன். 'வீஃப்' என்றால் பெண், அவ்வளவுதான். சொல்லடைவில் அவள் அரக்கப் பெண்பிறவி ஆனாள். 1999இல் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் மொழிபெயர்ப்பில் நரகத்து மணமகள் ஆனாள். அதே வரியில் அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள்: 'இடெஸ்'. அரசி வெயால்த்தேயோவைக் குறிக்கவும் காவியக் கவிஞன் எடுத்த சொல் அது. அந்த வரி முடிவதோ, அவள் தன் துயரத்தை நினைத்திருந்தாள் என்று.

அவள் குற்றமற்றவள் என்று நான் வாதாடவில்லை. அவள் கொன்ற, அரசனின் ஆலோசகன் ஆஷெரேயின் தலை பாறைமேல் கிடந்ததை நானும் படித்தேன். ஆனால் நீருக்கடியில் நடக்கும் சண்டையை நிதானமாகப் படியுங்கள். பியோவுல்ஃபை வீழ்த்தி, அவன்மேல் ஏறி உட்கார்ந்து, அகன்ற கத்தியை உருவுகிறாள். பியோவுல்ஃப் கொன்ற தன் ஒரே பிள்ளைக்காகப் பழிவாங்க நினைத்தாள் என்கிறான் கவிஞன். அதற்குச் சற்று முன், 1505ஆம் வரியில், பியோவுல்ஃபின் கவசத்தைத் துளைக்க முடியாமல் தோற்பவை அவளுடைய 'வெறுக்கத்தக்க விரல்கள்'. மூலத்தில் விரல்தான். பல மொழிபெயர்ப்புகளில் அது கூருகிராகிவிட்டது. படிக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

1979இலேயே ஷெர்மன் கூன் என்ற அறிஞர் அவளைப் பெண் போராளி என்று படித்துக் காட்டினார். டொராண்டோ பழைய ஆங்கில அகராதியும் ஆக்லேச்சாவுக்கு அச்சமூட்டும் எதிரி, மூர்க்கமான போராளி என்றே பொருள் தருகிறது. அழகையும் அச்சத்தையும் 'அணங்கு' என்ற ஒற்றைச் சொல்லில் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு சொல் இவ்வளவையும் தாங்கும் என்பதில் ஐயமில்லை.

ஆகவே, மகன், தாய், டிராகன், வீரன் எல்லோருக்கும் பொருந்தும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடி, எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். ஓசை இடம் கொடுக்காத இடத்தில், மூலத்தில் இருப்பது அதே சொல்தான் என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி போடுங்கள். 1505ஆம் வரியில் மட்டும் எந்தத் தடையும் இல்லை. அங்கே விரல் என்றே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்